கொழும்புக்குப் போன இடது செருப்பு

மழை விட்டு வெயில் அடிக்கிறதே என்று நம்முடைய தோல்பெட்டியை இன்று முற்றத்தில் திறந்து வைத்தேன். தோல் பதனிட்ட ஆவாரம்பட்டை வாசனை குப்பென்று எழுந்தது. ஆம்பூர்த் தோல் கிடங்கில் கணக்கெழுதியே தலைமுடி உதிர்ந்தவனுக்கு அந்த வாசனை புதிதில்லை. ஆனாலும் இந்தப் பெட்டியைத் திறந்தால், "இது இன்னாத்துக்கு?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது.

நான் கொழும்புக்குக் கடற்காற்று வாங்கப் புறப்பட்டபோது நீ ஓயாமல் கேட்ட கேள்வி அது. அங்கே தோல் வியாபாரத்தில் காலூன்றிய என் நண்பன், கொஞ்ச நாள் உல்லாசமாக இருந்துவிட்டுப் போ என்று அழைத்திருந்தான். உன்னையும்தான் கூப்பிட்டேன். பாலாற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலே தலை சுற்றுகிறவள் நீ.

பிழைப்புக்கு அக்கரை போனவர்கள் உண்டு, கடனுக்குப் பயந்து போனவர்கள் உண்டு. சும்மா காற்று வாங்கப் போகிறவனைத் தெரு நம்பவில்லை. எதிர்வீட்டு சாரதா வந்து, "அந்தத் தீவுல சோத்துல மருந்து வச்சிடுவாளுங்களாம். தின்னவன் ஊர் பேரே மறந்துடுவானாம்" என்று ஊதிவிட்டுப் போனாள். அவள் பள்ளிகொண்டாவைத் தாண்டியதில்லை. ஆனால் உனக்கு அது போதுமாயிருந்தது. உன் அண்ணன் இப்படித்தான், சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று கண்டிக்குப் போனார். அங்கேயே குடும்பமாகிவிட்டார் என்று பிற்பாடு காற்றுவாக்கில் தெரிந்தது. உன் அம்மா கடைசிவரை வாசலைப் பார்த்தபடிதான் படுத்தார்.

ஆகவே பெட்டி கட்டுவதை நீயே எடுத்துக்கொண்டாய். சுங்கச்சாவடியில்கூட அப்படிச் சோதனை போட மாட்டார்கள். வேலூர் லாங் பஜாரில் நான் வாங்கிய அத்தர் குப்பியை மோந்தாய்.

"கடலுக்குப் போறவருக்கு அத்தர் இன்னாத்துக்கு? மீனுங்க மோந்து பாக்கவா?"

"அங்க வேர்வை ஜாஸ்தியாம்."

"இங்க இன்னா கம்மியா? இத்தினி வருசமா நாந்தானே மோந்துட்டுக் கெடக்கறேன்."

அத்தர் வெளியே போனது. பட்டுக்கரை அங்கவஸ்திரம் வெளியே போனது. புதுச் சீப்பைக் கையில் எடுத்து, என் தலையைப் பார்த்து, பயமில்லை என்று உள்ளேயே விட்டுவிட்டாய். நான் அந்த ஊர்ச் சோற்றைத் தொடக்கூடாதென்று புளிக்காய்ச்சலும் அவலும் ஊறுகாயும் பெட்டியில் பாதியை அடைத்தன. கடைசியாக, பயணத்துக்கென்றே நான் தைக்கச் சொன்ன செருப்பைத் துணியில் சுற்றினாய். அதற்கு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கொழும்பில் பெட்டியைத் திறந்தால் இடது செருப்பு மட்டும். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவனைச் சந்தேகித்தேன். கப்பல் கூலியைச் சந்தேகித்தேன். நண்பன் வீட்டுச் சமையல்காரனின் கால் அளவை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒன்றைத் தூக்கிக்கொண்டு மற்றதைத் துணியில் சுற்றி முடிச்சும் போட்டு வைக்கிற திருடன் எந்த ஊரில் இருக்கிறான்? முடிச்சு உன் முடிச்சு.

செருப்புக்குப் பேர்போன ஊர்க்காரன், ஒட்டுப்போட்ட பழஞ்செருப்போடு கடற்கரையில் உலாவினேன். பெண்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்த ஒன்றிரண்டு பேரும் காலைத்தான் பார்த்தார்கள். "இங்கயே இருந்துடேன்டா. வேலை தர்றேன், சம்பளமும் ஜாஸ்தி" என்றான் நண்பன்.

"இன்னொரு செருப்பு ஊர்ல கெடக்குதுப்பா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

திரும்பி வந்தபோது வலது செருப்பு வாசற்படியில், வீட்டைப் பார்த்து இருந்தது. இடதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"ஒத்தச் செருப்போட எவ்ளோ தூரம் போய்டுவீங்க?" என்றாய். பிறகு அடுப்பங்கரைக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. கண் ஏன் சிவந்திருக்கிறது என்றதற்கு வெங்காயம் அரிந்ததாகச் சொன்னாய். அன்றைய குழம்பில் வெங்காயமே இல்லை. சந்தேகப்படுவதை நானும் உன்னிடம்தான் கற்றுக்கொண்டிருந்தேன்.

அதே தோலில் உனக்கும் ஒரு சோடி தைக்கச் சொன்னேன். பெண்பிள்ளைக்குச் செருப்பா என்று தெரு பேசித் தீர்த்தது. லாங் பஜாருக்குப் போகும்போது மட்டும் போட்டுக்கொண்டாய்.

போன தை மாதம் உன் கடைசிப் பயணத்துக்கு மூட்டை கட்டினார்கள். பிடித்த புடவை, வெற்றிலைப் பெட்டி, செருப்பு எல்லாம் உன்னோடு போகட்டும் என்று உன் தங்கை துணியில் சுற்றி வைத்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது என் கை உள்ளே போனது. முடிச்சு ஏன் இளகியிருந்தது என்று இன்றுவரை என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறாள்.

உன் வலது செருப்பு இதோ இந்தப் பெட்டியில் இருக்கிறது. வெயில் காட்டித் துடைத்துவிட்டேன். சாயங்காலம் வாசற்படியில், வீட்டைப் பார்த்து வைக்கப்போகிறேன். ஒற்றைச் செருப்போடு நீதான் எவ்வளவு தூரம் போய்விடுவாய்?