அஸீமின் கை

அன்பு மகள் ஸம்றாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் மருமகனுக்கும் அல்லாஹ் குறையில்லாத சுகத்தைத் தரட்டும். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதும் சுகமென்று எழுதினால் அது பொய், பொய் எழுத இந்தக் குடும்பத்தில் ஒருவர் போதும். போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய புத்தகப் பெட்டி தம்பியின் வருட நினைவுக் கத்தத்துக்கு முதல் நாள் வந்தது. திறந்தால் முதல் பக்கத்தில் என் பிள்ளையின் படம், கீழே அஸீம் என்று பெயர், சுனாமி வந்த திகதி. மௌத்தாகிப் போனவர்களின் பேரில் யாஸீன் கிதாபு அச்சடித்துக் கத்தத்தில் கொடுப்பார்களே, அதுபோல நீயும் தம்பியின் பேரில் அச்சடித்து அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் மகள் மறக்கவில்லை என்று அப்படியொரு சந்தோஷம். கண்ணாடியைத் தேடியெடுத்து இரண்டு வரி படித்திருக்கலாம், கறி அடுப்பில் இருந்தது. ஓத வந்த பெண்களுக்குச் சோற்றுப் பொதியோடு ஆளுக்கொன்றாக என் கையாலேயே கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுச் சுபைறா வந்து என் தோளைத் தடவி, “ரெண்டு புள்ளையள ஒரு பொம்புள எப்பிடிப் புடிக்கிற ராத்தா, அல்லாஹ் மன்னிப்பான், அழாதீங்க” என்றாள். எதை மன்னிப்பான் என்று எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகுதான் உன் தங்கச்சி ஆகிலாவை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். யாஸீன் இல்லை, நீயே எழுதிய புத்தகம். நம் ஒழுங்கை, நம் கிணறு, வாப்பா அன்று இறக்காமத்து வயலில் நின்றது எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. நடுவில் ஒரு கவிதை. அதற்குப் பிறகு, இடுப்பில் ஆகிலாவும் கையில் அஸீமுமாக ஓடுகிற உம்மா, கைக்குழந்தையைக் காப்பாற்ற அஸீமின் கையை விட்டுவிடுகிறாள். ஆகிலாவால் அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. “என்னாலயா உம்மா அவன் போன?” என்று கேட்டாள். கடைசிப் பக்கத்தில் நீ இதில் மெய்யும் உண்டு, புனைவும் உண்டு, எது எதுவென்று சொல்லமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கதை, கட்டுரை, கவிதை எல்லாவற்றையும் கலந்து எழுதுவது இப்போது ஒரு முறையாம், ஆகிலா உனக்காகப் பேசினாள். நன்றாகக் கலந்துகொள். ஆனால் கதையென்றால் பெயரை மாற்றியிருக்கலாமே மகள். கவிதை நன்றாகத்தான் இருந்தது, அதைக் கேட்டு அழுதேன், அந்தக் கோபமும் உன்மேல் இருக்கிறது. அங்கே வாசிப்பவர்கள் மூடிவைத்துவிட்டுப் போவார்கள், நான் இந்த ஒழுங்கையில்தான் நடக்கவேண்டும்.

வாப்பாவும் வாசித்தார். அலை பறித்துக்கொண்டு போனது என்று நான் சொன்னதை இத்தனை வருடமும் அப்படியே ஏற்றுக்கொண்டு, ஒரு கேள்வி கேட்காத மனிதர். அஸர் தொழுதுவிட்டு வந்து, “நீயா கைய உட்ட?” என்றார். ஸம்றா, ஆகிலா என் இடுப்பில் இருந்தாள். அஸீமின் கை உன் கையில் இருந்தது. உனக்கு ஒன்பது வயது. அது உன் குற்றமில்லை, அந்தத் தண்ணீருக்கு முன்னால் பெரிய ஆண்களே நிற்கவில்லை. நீ மறந்துபோனாயா, மறக்க முடியாமல்தான் அந்தக் கையை எனக்குத் தந்தாயா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நானில்லை என்று சொன்னால் அடுத்ததாக அவர் யாரிடம் கேட்பார்? ஓம், நான்தான் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஆகிலா சோறு போட்டால்தான் சாப்பிடுகிறார்.

அங்கே பனி கொட்டுகிறதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. பஜ்ர் தொழுகையை விடாதே. தம்பிக்கு யாஸீன் ஓது. அல்லாஹ் உனக்குப் பிள்ளைகளைத் தந்து, அவர்களை உன் கைக்குள்ளேயே வளரவைக்கட்டும். புத்தகத்தை இன்னொரு முறை அச்சடிக்கப் போகிறார்கள் என்று ஆகிலா சொன்னாள். எதை மாற்றினாலும் உம்மா கையை விடுகிற அந்த இடத்தை மட்டும் மாற்றிவிடாதே. வாப்பா மறுபடியும் வாசிப்பார்.

உனக்காகத் துஆ கேட்கும் உம்மா,
றாஹிலா
சாய்ந்தமருது