கரியர் இல்லாத பிரேம்

கிண்ணியா
12.03.1961

மச்சானுக்கு ஸல்ஹா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பாவும் உம்மாவும் நானும் சுகம். நம் மகள் பரீதாவும் இப்போது சுகம். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்வது என் கடமை.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கொழும்பில் ரேஸ் ஓட வேண்டும், சைக்கிளைக் கழற்றிப் பிரேமை மட்டும் ரயிலில் அனுப்பு என்று எழுதியிருந்தீர்கள். பெயின்ட் உரசாமல் வைக்கோல் சுற்றச் சொல்லவும் மறக்கவில்லை. மகளுக்குக் கடும் காய்ச்சல் என்று போன மாதம் நான் போட்ட கடிதத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

நம் கலியாணத்துக்குச் சைக்கிள் வாங்க வாப்பா உங்களை டவுனில் ஓர்ஸ் ஹில் குன்றடிக் கடைக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? கப்பற்படை வெள்ளைக்காரர் விட்டுப்போன உருக்குப் பிரேம்கள் அங்கே தொங்கினவாம். வாப்பா பின்னால் ஆள் ஏற்றக் கரியர் உள்ள கறுப்பைத்தான் பிடித்தாராம். நீங்கள் ஒவ்வொன்றாகச் சுண்டிச் சத்தம் கேட்டு, நீலத்தை இரண்டு விரலில் தூக்கிக் காட்டினீர்களாம். இதில் கரியர் பூட்ட ஓட்டையே இல்லையே என்று அவர் கேட்க, அதுதான் மாமா பாரமில்லை என்றீர்களாம். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், மடச்சி.

பிறகு முன் பாரில் ஏறவா என்று நான் கேட்டபோது, குழாய் மெல்லியது, நெளிந்துவிடும் என்றீர்கள். வீடு பார்த்துக் கூப்பிடுகிறேன் என்று கொழும்புக்குப் போய் வருடம் ஒன்றாகிறது.

பிள்ளைக்குக் காய்ச்சலில் கைகால் இழுப்பு வந்த அன்று, அவளை வைக்க இடமில்லாத உங்கள் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. வாப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தோணித்துறை வரை ஓடினார். டவுன் ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதை நான் உங்களுக்கு முழுதாக எழுதவில்லை. இனியும் எழுதமாட்டேன்.

நேற்று சைக்கிளை, இரும்பு உருக்கி ஒட்டு வேலை செய்யும் பாயிஸ் காக்காவிடம் கொண்டுபோனேன். சூடு காட்டினால் இது இனி ரேஸுக்கு ஆகாது, உன் மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டார். ஓம் என்று பொய் சொன்னேன். தடித்த கம்பி வைத்துக் கரியர் ஒட்டித் தந்தார். மெதுவாக ஓட்டினால் தாயையும் பிள்ளையையும் தாங்கும் என்றார்.

இனி அதை இரண்டு விரலில் தூக்க ஏலாது. ரயிலில் அனுப்பவும் மாட்டேன். வேண்டுமென்றால் வந்து எடுங்கள், பின்னால் நாங்கள் ஏறுவோம். வேண்டாமென்றால் அதையாவது எழுதுங்கள்.

அல்லாஹ் உங்களைச் சுகமாக வைக்கட்டும். பரீதா இப்போது என் வாப்பாவைத்தான் வாப்பா என்று கூப்பிடுகிறாள். நான் திருத்தினால் அழுகிறாள். நீங்கள் வந்து திருத்துங்கள், மச்சான்.

உங்கள்
ஸல்ஹா