அத்திக் குருவியும் ஒரு வாய் ரொட்டியும்

செப்டம்பர் 2, சனி

லமீஸ் இன்று வாயைத் திறந்தாள்!

மார்ச்சிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் சதுப்பு நில மையத்தில் நான் நடத்தும் இயற்கை வகுப்புக்கு வருகிறாள். பத்து வயது. ஏதாவது கேட்டால் தலையாட்டுவாள், இல்லையென்றால் தன் செருப்பைப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் அவளை 'மரம்' என்று கூப்பிடுகிறார்களாம். நானும் வற்புறுத்தவில்லை. சதுப்பு நிலத்தில் நடக்க வாய் எதற்கு? இன்று நாணல் ஓரத்து அத்தி மரத்தடியில் எல்லோரும் நின்றபோது, பைனாகுலரை இறக்காமலே, "கருந்தொப்பி! ஆண் குருவி! பழத்தக் கொத்துது!" என்று கத்தினாள். மற்ற பிள்ளைகள் குருவியை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்று சமாளித்தேன்.

"ஆணுன்னு எப்படிடீ கண்டுபிடிச்ச?"

"வீட்டுல பாத்திருக்கேன் மிஸ். செத்துதான் கெடக்கும். உயிரோட இப்பதான் பாக்கறேன்."

அவள் அப்பா அபு ரம்ஸியின் தோட்டத்தில் இந்த மாதம் பூராவும் கிளைக்குக் கிளை குருவி பிடிக்கப் பிசின் தடவிய குச்சிகள்தான். அவர் மட்டுமா, பாதி ஊர் அப்படித்தான். அத்திப்பழம் தின்று கொழுத்த கருந்தொப்பி, ஊர்ப் பேச்சில் அத்திக் குருவி, என்றால் லெபனானின் இந்தப் பெக்கா பள்ளத்தாக்கில் யாருக்கு நாக்கில் எச்சில் ஊறாது? பிடிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறது ஊர்.

மையத்தின் பொறுப்பாளர் கமீலிடம் சொன்னேன். "தவளையப் பத்தி சொல்லிக் குடு, தும்பியப் பத்தி சொல்லிக் குடு. ஊர்க்காரங்க தட்டுல என்ன இருக்குன்னு மட்டும் எட்டிப் பாக்காத, நுஹாத்" என்றார்.

செப்டம்பர் 6

மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர்காரர் போனை எடுக்கவில்லை. புழுக்கம், கொசு, நான்.

செப்டம்பர் 9, சனி

அடுத்த வாரம் கோடைப் பருவ நிறைவு விழா. பெற்றோர் வருவார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். லமீஸ் கருந்தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரு சாவிக்கொத்தின் எடைகூட இல்லாத குருவி, வடக்கே எங்கிருந்தோ புறப்பட்டு, பாலைவனத்தைத் தாண்டி ஆப்பிரிக்காவரை போகிறது என்று சொன்னேன்.

"இவ்வளவு தூரம் போறது எங்க தோட்டத்துல வந்து மாட்டிக்குதா? இத எங்கப்பா முன்னாடி சொல்லலாமா மிஸ்?"

"சொல்லலாம்."

"நீங்க பக்கத்துல நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?"

"சின்ன வயசுல. இந்த வேலைக்கு வந்தப்புறம் தொட்டதில்ல."

அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

செப்டம்பர் 16, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

விழாவுக்குச் சாப்பாடு வேண்டாம், மையமே பிஸ்கட் தரும் என்று அறிவித்திருந்தோம். அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? ஒவ்வொரு அம்மாவும் ஒரு பாத்திரத்தோடு வந்தாள். லமீஸின் அம்மா உம்மு ரம்ஸி மூடிய தட்டு ஒன்றை நேரே என்னிடம் கொண்டுவந்தாள்.

"எம்பொண்ணு வாயத் தொறந்தது உங்களாலதான் மிஸ். அதுக்கு நான் என்ன குடுத்தாலும் ஈடாகாது."

மூடியை எடுத்தாள். வரிசையாக அத்திக் குருவிகள். மாதுளைப் பாகு மினுமினுத்தது.

"அவங்கப்பா நாலு நாளா சேத்து வெச்சாரு. எங்க வீட்டுப் பசங்களுக்குக்கூட ஒண்ணு தரல." ரொட்டியைக் கிழித்து, ஒன்றை அதில் சுருட்டி, என் வாயருகே நீட்டினாள். "என் கையால ஒரே ஒரு வாய்."

கூட்டமே பார்க்கிறது. 'தின்று தொலை' என்று கமீல் கண்ணாலேயே கெஞ்சுகிறார். அந்தக் கையைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. வாயைத் திறந்தேன். எலும்பு பல்லில் நொறுங்கியது. "உங்க கை நல்லா இருக்கணும் உம்மு ரம்ஸி, பிரமாதம்" என்று வேறு சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால், சுவரில் மாட்டியிருந்த கருந்தொப்பிப் படத்தின் பக்கத்தில் லமீஸ் நிற்கிறாள்.

அவள் முறை வந்தது. வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைப் பார்த்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. "கூச்சப்படறா" என்று உம்மு ரம்ஸி சிரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

செப்டம்பர் 17

ருசியாக இருந்தது. அதுதான் இன்னும் வலிக்கிறது.

செப்டம்பர் 23, சனி

லமீஸ் வரவில்லை. அவள் அம்மா ஒரு கூடை அத்திப்பழம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். வயிற்று வலியாம்.

செப்டம்பர் 30, சனி

இன்றும் வரவில்லை. வீட்டிலும் பேசுவதில்லையாம். பழையபடி மரம். "பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல மிஸ், கண்ணு பட்டுருச்சோ" என்று உம்மு ரம்ஸி போனில் அழுதாள். யார் கண்ணும் இல்லை அம்மா, என் வாய்தான். ஆனால் சொல்லவில்லை. என்ன ஜென்மம் நான்?

அக்டோபர் 3

இன்று அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அபு ரம்ஸி வாய் நிறைய வரவேற்று, காப்பி ஊற்றிக் கொடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் காப்பியைத் தொடாமல் வைக்கும் விருந்தாளி ஏதோ கேட்க வந்தவள்.

"குடிங்க மிஸ். என்ன கேட்டாலும் ஆச்சுன்னு வெச்சுக்குங்க."

"லமீஸ்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். இங்கயே, உங்க முன்னாடி."

சிரித்தார். கேள்விப்படாத வேண்டுகோள். சரி என்றார். காப்பியைக் குடித்தேன். கதவோரம் நின்ற லமீஸிடம் சொன்னேன்: "அந்தக் குருவிய நான் சாப்பிட்டிருக்கக் கூடாது. உனக்கு ஒண்ணு சொல்லிட்டு வேற ஒண்ணு செஞ்சேன். என்ன மன்னிச்சுடு."

அபு ரம்ஸியின் முகம் மாறிவிட்டது. "எங்க வீட்டுச் சாப்பாட்டத் தின்னதுக்கா மன்னிப்பு? எம்பொண்டாட்டி கையால ஊட்டினது உங்களுக்கு அசிங்கமாப் போச்சா?"

"அசிங்கமில்ல. அன்புன்னு தெரியும். அதனாலதான் என்னால வேண்டாங்க முடியல."

"வாக்குக் குடுத்துட்டேன், உக்கார வெச்சிருக்கேன். இல்லேன்னா நடக்கறதே வேற."

உம்மு ரம்ஸி காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் மனதைத்தான் அதிகம் நோகடித்தேன். லமீஸ் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 8

நேற்றைய வகுப்புக்கு மூன்றே பிள்ளைகள். மற்றவர்கள் எல்லாம் லமீஸுக்குச் சித்தப்பா, மாமா வீட்டுப் பிள்ளைகள். அபு ரம்ஸி நிறுத்திவிட்டார். "தட்ட எட்டிப் பாக்காதன்னேன், நீ கைய விட்டே கலக்கிட்ட" என்றார் கமீல். இப்படியே போனால் சனிக்கிழமை வகுப்பை மூடவேண்டியதுதானாம். மூடட்டும். இல்லை, மூடக் கூடாது. எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 14, சனி

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் உம்மு ரம்ஸி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு லமீஸ். பின்னால் இரண்டு சித்தப்பா பிள்ளைகள்.

"நேத்து அவங்கப்பாகிட்ட பேசினா. 'என்ன மையத்துக்குக் கூட்டிட்டுப் போ'ன்னு மட்டும். அவரு மாட்டேன்னுட்டாரு." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "நான் கூட்டிட்டு வந்தேன். உங்க மேல இன்னும் எனக்கு ஆத்திரந்தான் மிஸ், அது வேற."

உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். லமீஸ் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய்ப் படத்தின் பக்கத்தில் நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

குரல் முனகலாகத்தான் வந்தது. "இது கருந்தொப்பிக் குருவி. ஆப்பிரிக்காவுக்குப் போகணும். வழியில பசிக்கும். எங்க அத்திப்பழத்தத் தின்னும். எங்கப்பா புடிக்கறாரு. எங்கம்மா சமைக்கறாங்க. எங்க மிஸ் சாப்பிட்டாங்க. நானும் முன்னாடி சாப்பிட்டிருக்கேன். இனிமே மாட்டேன்."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. உம்மு ரம்ஸி எழுந்துவிட்டாள். போச்சு, இழுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சத்தமா சொல்லும்மா" என்றாள். "பின்னாடி கேக்கல."

லமீஸ் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.