விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

ஏப்ரல் 11, ஓஷ் நகரம்
மோதல் தீர்வுப் படிப்பின் கடைசிப் பரீட்சை: உண்மையான ஒரு தகராறில் நடுவராக உட்கார வேண்டும். பாடம் நடத்தும் அனாரா மேடம் எங்கள் இரண்டு ஊரின் வாய்க்கால் தண்ணீர்த் தகராறையே என் தலையில் கட்டிவிட்டார். "உங்கம்மா பொறந்தது கீழூர், நீ பொறந்தது மேலூர். வேற யாரையும் அவங்க உள்ள விடமாட்டாங்க, பெகிமாய்." மேலூருக்காகப் பேசப்போவது என் அண்ணன் தொலோகன். அது தெரிந்துதான் சொன்னாரா?

ஏப்ரல் 13, வீடு
அண்ணன் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.
"எதுக்குண்ணே?"
"மண்ணு வெட்ட."
மண் வெட்ட இத்தனை கூர் எதற்கு? போன வருஷம் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இதே மாதிரி மடைச் சண்டையில் ஒருவன் செத்தான்.

ஏப்ரல் 14
பயமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 16
பள்ளிக்கூடத்தில் கூடினோம். கீழூருக்கு சாத்திபால்டி மாமா வந்தார், அம்மாவுக்குப் பெரியப்பா மகன். அண்ணன் அவர் முகத்தையே பார்க்கவில்லை. தேநீர் ஊற்றுவது என் வேலை. ஒருவருக்குச் சொட்டு கூடினாலும் கட்சி கட்டினாள் என்பார்கள். இரு தரப்பையும் ஒரே அளவில் நடத்து என்றுதானே பாடம்? அளவு பிசகாமல் இருக்க, இரண்டு கிண்ணத்திலும் விளிம்பு வரை ஊற்றிவிட்டேன்.

எங்கள் பக்கம் கிண்ணத்தில் பாதி ஊற்றினால் 'இரு, இன்னும் தருகிறேன்' என்று அர்த்தம். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு'. பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா?

மாமா கிண்ணத்தைத் தொடவில்லை. "தொரத்தி விடத்தான் கூப்பிட்டியாம்மா?" எழுந்துவிட்டார்.
அண்ணனும் எழுந்தான். "எனக்குமா?"
ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். பேச்சே ஆரம்பிக்கல.

ஏப்ரல் 17
நாளைக்கு வயலுக்குத் தண்ணீர் திறக்கும் முறை. எங்கள் முறை என்கிறான் அண்ணன். இல்லை, தங்களுடையது என்று கீழூரிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

ஏப்ரல் 18
விடிந்ததும் அண்ணன் மண்வெட்டியோடு போனான். ரொட்டியைக்கூடப் பிட்டு வாயில் போடவில்லை. அம்மா வாசலிலேயே நின்றாள். மத்தியானமாகியும் வரவில்லை. வாய்க்காலுக்கு ஓடினேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு — ரத்தத்தைப் பார்க்கப்போறேன், நான்தான் காரணம், நான்தான்.

மண்வெட்டி சேற்றில் குத்தி நின்றது. மடை பாதி திறந்திருந்தது. பாதித் தண்ணீர் எங்களுக்கு, பாதி அவர்களுக்கு. கரையில் மாமாவும் அண்ணனும் பிளாஸ்க்கை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வந்ததை இருவரும் பார்க்கவில்லை.

"இத்தன வருஷம் படிச்சும் டீ ஊத்தத் தெரியலையே உன் தங்கச்சிக்கு?"
"வீட்டுல நாங்க ஒழுங்காத்தான் சொல்லிக் குடுத்தோம் மாமா. ஓஷுக்கு அனுப்பிக் கெடுத்துட்டோம்."
"எனக்கு ஊத்துனப்பகூட வலிக்கல. கூடப்பொறந்தவன், உனக்குமா ஊத்துவா?"
"அதான் மாமா எனக்கும் ஆறல."

கரையோரம் போய் நின்றேன். மாமா திரும்பினார். ஒரு கிண்ணத்தில் பாதி ஊற்றி நீட்டினார்.
"பாத்துக்க. அளவு இதுதான். உக்காரு."

உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன். குடித்து முடித்ததும் மறுபடியும் பாதி ஊற்றினார்.