இடது சக்கரத்தின் சூடு

என் பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். அத்தை, மாமா, நீ எல்லோரும் சுகம்தானே? பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா?

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பதறாதே. விரலில் சின்னக் கட்டு, அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒரு கார் ஓடும்போது இடது பக்கமே இழுத்தது. டயரில் காற்று சரி, சக்கரங்களின் நேர் பார்க்கும் அலைன்மெண்டும் சரி. "அப்புறம் எதுக்குடா இழுக்குது?" என்று மேஸ்திரி தலையைப் பிய்த்துக்கொண்டார். நான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கி, முன்சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தேன். வலது சக்கரம் சாதுவாக இருந்தது. இடதோ அடுப்பாகக் கொதித்தது! அந்தப் பக்கத்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. "கண்டுபிடிச்சிட்டே, ஆனா கையைச் சுட்டுக்கிட்டியே!" என்று சிரித்தார் மேஸ்திரி. நீ பாப்பாவுக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் நானும் புறங்கையால் பார்த்திருக்கலாம்.

வேலைக்குப் போகும் வேன் ஹார்ன் அடிக்கிறது. ஒன்றே ஒன்று. லீவில் ஊருக்கு வந்திருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப் வெல்டர் இங்கே திரும்பும்போது நம் தெர்மாமீட்டரைக் கொடுத்தனுப்பு. நீதான் அதைத் தொடுவதே இல்லையே, கையாலேயே சொல்லிவிடுவாய். எனக்கு ஒன்றுமில்லை. உடம்பு லேசாகச் சுடுகிற மாதிரி இருக்கிறது. நெற்றியில் கை வைத்தால் கையும் நெற்றியும் ஒரே சூடாகத் தெரிகிறது. வைத்துப் பார்க்க இங்கே வேறு கை ஏது?