ரோன் சிவப்புக்கு நான் எழுதிய நாலு வரி

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கிழக்கேகோட்டையில் பஸ் மாறி ஓட்டலுக்கு வருவதற்குள் செருப்பெல்லாம் சேறு.

மதியம் பரிமாறுகிற எங்களுக்கு ஒயின் வகுப்பு. ஒயின் கம்பெனி ஆள் பிரெஞ்சு ஒயின் ஒன்று திறந்தார். ரோன் பள்ளத்தாக்குச் சிவப்பு. ஆண்களுக்கெல்லாம் கிளாஸ். என்னிடம் மேனேஜர், "செல்வி மணத்து நோக்கியா மதி." மோந்து பார்த்தால் போதுமாம்! பத்து வருஷமாக இதே ரெஸ்டாரண்டில் பரிமாறுகிறேன்.

பாரில் நிற்கும் பிஜு தன் கிளாஸை என் பக்கம் தள்ளினான். குடித்தேன்.

என்ன ஒயின்! பார்வைக்குக் கிட்டத்தட்டக் கறுப்பு. முதலில் நாவல்பழம், பின்னால் மிளகு. துவர்ப்பு ஈறைப் பிடிக்கிறது, போனக்காடு எஸ்டேட்டில் அப்பா கொதிக்கக் கொதிக்கப் போடும் பால் விடாத கட்டன்சாயா மாதிரி. தண்ணீராய் நழுவுகிற ரகம் இல்லை. விழுங்கிய பிறகும் வாயிலேயே உட்கார்ந்திருந்தது.

ஜூலை 9, புதன்

டேபிளில் வைக்கும் புது ஒயின் அட்டைக்கு எல்லோரும் இந்த ஒயினைப் பற்றி எழுதித் தர வேண்டுமாம். பிஜு: "நல்ல ஒயின்." அவ்வளவுதான்.

பாட்டிலில் மிஞ்சியதை மீனோடும் வாத்தோடும் ருசி பார்த்துவிட்டு, நான் மலையாளத்தில் நாலு வரி. பிழை திருத்தியது பிஜு.

கனமான ஒயின், பசியோடு வாருங்கள்.
நாவல்பழம், மிளகு, கட்டன்சாயாவின் துவர்ப்பு.
ஒரு மணி நேரம் முன்பே திறக்க வேண்டும்.
வாத்து ரோஸ்டுக்குச் சேரும், மீனுக்கு ஆகாது.

ஜூலை 14, திங்கள்

அட்டை வந்தது. என் நாலு வரி, ஓர் எழுத்து மாறாமல். கீழே 'தேர்வும் குறிப்பும்' என்று போட்டு மேனேஜர் பெயர்!

கேட்டேன். "அது டீம் வர்க் ஆணு செல்வி. பேரு எந்தினு?" பெயர் எதற்காம். அப்படியானால் அவர் பெயர் எதற்கு? அதைக் கேட்காமல் வந்துவிட்டேன். அதுதான் இன்னும் எரிகிறது.

ஆரியசாலைக் கடையில் புளி, மிளகு. குடை ரிப்பேர்.

ஜூலை 15, செவ்வாய்

மதியம் ஆறாம் டேபிளில் ஒரு டாக்டரம்மா. அட்டையைப் படித்துச் சிரித்தார். "கட்டன்சாயாவோ! ஆரு எழுதியது?"

மேனேஜர்: "ஞான் தன்னெ, மேடம்."

"மீனுக்கு ஏன் ஆகாது?"

மேனேஜர் ஏசியைப் பார்த்தார். பிறகு என்னை. நான் தண்ணீர் ஜாடியோடு பக்கத்தில்.

"இந்தத் துவர்ப்பு மீனோட சேர்ந்தா வாயில இரும்பு ருசி வரும் மேடம். தின்னு பார்த்துட்டுத்தான் எழுதினேன்" என்றேன். 'எழுதினேன்' தானாக வந்துவிட்டது.

டாக்டரம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வாத்து ரோஸ்டே சொன்னார். ஒரு வாய் ஒயின் குடித்துவிட்டு என்னிடம், "சரியாணு. கட்டன்சாயா தன்னெ."

உள்ளே போனதும் மேனேஜர்: "நாளெ முதல் நீ பிரேக்ஃபாஸ்ட்." இனி இட்லித் தட்டு. செய்த குற்றம்: கேட்டதற்குப் பதில் சொன்னது!

ஜூலை 16, புதன்

வெயில். பத்தரைக்கு பிரேக்ஃபாஸ்ட் முடிந்தது. ஹால் காலி. ஒயின் அட்டை மொத்தம் இருபத்திரண்டு. பேனா எடுத்தேன். ஒவ்வொன்றிலும் மேனேஜர் பெயரை அடித்துவிட்டு, 'எழுதியது: செல்வி, போனக்காடு.'

பிஜு பதறினான். "சேச்சி, பணி போகும்."

"போகட்டும்."

பிறகு மை காயட்டும் என்று ஒவ்வொன்றாக வாங்கி விரித்து வைத்தான்.

பதினைந்தாவதில் மேனேஜர் வந்தார். "எந்தா இது?"

"எம் பேரு சார்" என்றேன். பதினாறாவதை எடுத்தேன்.