யாழினிக்கு மட்டும் ஊசி விலக்கு

ஆகஸ்ட் 26

இந்த அரபு நாட்டில் காலையிலேயே புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. யாழினிக்கு இன்று பள்ளி முதல் நாள். கே.ஜி. டூ. ஏப்ரலில் சேர்ந்திருக்க வேண்டியவள், ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

பள்ளி நர்ஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். தட்டம்மை ஊசி போடவில்லை, சின்னம்மை ஊசி போடவில்லை, வகுப்பில் விட முடியாதாம். அடியே, போடக்கூடாது என்றுதானே டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்! ஒரு வயதிலிருந்து மூத்திரத்தில் புரதம் போகிற வியாதி. மருந்தை நிறுத்தினால் முகமும் காலும் வீங்கும். அதற்காக ஸ்டீராய்டு. அது நிற்கும்வரை உயிருள்ள கிருமி வைத்த ஊசி இவள் உடம்புக்கு ஆகாது. எத்தனை பேரிடம் இதையே சொல்வது?

மேஜையை ஓங்கி ஒரு குத்து. மேலிருந்த கண்ணாடி விரிசல் விட்டது. கையில் ரத்தம். செக்யூரிட்டி ஓடி வந்தான், அவனையும் நெஞ்சில் தள்ளினேன். யாழினி அழுதாள். பிறகுதான் பிரின்சிபால் வந்து கடிதத்தை முழுக்கப் படித்தார். தற்காலிக விலக்கு. சீல் வைத்தாயிற்று.

நர்ஸ் மதுரைக்காரி. கையில் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "லெட்டரப் படிக்காம நிறுத்தினது என் தப்புதான் சார். ஆனா ஒண்ணு. இவளுக்கு ஊசி இல்லாததாலதான் இவளச் சுத்தி இருக்குற பிள்ளைக அத்தன பேருக்கும் இருக்கணும். அதான் நாங்க கறாரா கேக்குறது."

சரி சரி என்று வந்துவிட்டேன். கோபம் இன்னும் இறங்கவில்லை. பிற்பகல் வேலைக்குப் போய் ஒரு பிக்கப் வண்டிக் கதவில் ஒடுக்கு எடுத்தேன். சுத்தியலால் அடித்த அடியில் கதவே போச்சு. புதுக் கதவுக்கு ஆர்டர் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அரை நாள் வேலை. பிரியாணி சுமார்.

வொர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் மேஜைக் கதை சொன்னேன். சேகர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம்தான் அவனும், இங்கே ஏ.சி. மெக்கானிக். பக்கத்துக் கட்டிடத்தில் குடும்பத்தோடு இருக்கிறான். அவன் மகன் கவினும் யாழினி வகுப்புதான், ஒரே பஸ்தான்.

"மச்சான், கவினுக்கும் ஊசி கேக்குறாய்ங்க. அவன் பேசவே மூணு வருசமாச்சு. எல்லாம் ஊசியாலதான்னு வீடியோல சொல்றான். நா போட மாட்டேன்."

"வீடியோல ஆயிரம் சொல்லுவான். போடலன்னா ஊர்ல ஒரு டாக்டரப் புடிச்சு லெட்டர் வாங்குடா. கொண்டுபோய் டேபிள்ள ஒரு குத்து. கலாஸ், வேல முடிஞ்சுச்சு!"

அப்போது அவனும் சிரித்தான். எனக்கு வாய்க் கொழுப்பு.

வாங்க வேண்டியது: யாழினி மாத்திரை, உப்பில்லாத பிஸ்கட், ஃபேன் ரெகுலேட்டர்.

செப்டம்பர் 9

தூசிக் காற்று. கண்ணெல்லாம் எரிச்சல்.

சேகர் லெட்டர் வாங்கிவிட்டான். ஊரில் ஏதோ கிளினிக்காம். எல்லா ஊசிக்கும் சேர்த்து ஒரே விலக்கு. பள்ளியும் ஒப்புக்கொண்டது. கெட்டிக்காரன்.

டூட்டி முடிந்து வரும்போது ரோட்டோர வேப்பமரத்தடியில் எட்டாமல் குதித்துக்கொண்டிருந்தான். நான்தான் கிளையை வளைத்துப் பிடித்தேன். முனிசிபாலிட்டிக்காரன் பார்த்தால் ஃபைன்.

"எதுக்குடா?"

"தலையில பொடுகு மச்சான்."

கை நிறைய ஒடித்தான். கவின் இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்று யாழினி சொன்னாள். சளிக் காய்ச்சலாம்.

செப்டம்பர் 19

யாழினிக்குக் காய்ச்சல். கண் சிவந்து நீர் வடிகிறது. இருமல் நிற்கவில்லை. என் மனைவி கலா அவளைத் தூக்கிக்கொண்டே நடக்கிறாள். எனக்கு லீவு மாஃபி, கிடையாதாம். சூப்பர்வைசரிடம் கத்தினேன். ஸ்பானரைத் தரையில் எறிந்தேன், தெறித்து அவன் காலில் பட்டது. போடா என்று விட்டான்.

செப்டம்பர் 21

காதுக்குப் பின்னாலிருந்து தொடங்கி முகமெல்லாம் சிவப்பு. ஆஸ்பத்திரி. தனி அறை. தட்டம்மை. நெஞ்சிலும் இறங்கிவிட்டது, நிமோனியா.

டாக்டரம்மா கேட்டார்: அம்மை கண்ட பிள்ளை யாரோடாவது இருந்தாளா? பழகின ஆறு நாளுக்குள் சொல்லியிருந்தால் எதிர்ப்புச் சக்தி மருந்து ஏற்றியிருக்கலாமாம். ஏன் யாருமே சொல்லவில்லை என்றார்.

வேப்பிலை.

சேகர் வீட்டுக்கு ஓடினேன். அவன் இல்லை. கதவு நிலையில் காய்ந்த கொத்து இன்னும் தொங்குகிறது. அவன் மனைவி ராணி கும்பிட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆத்தா வந்துட்டுப் போயிட்டாண்ணே. மூணு தண்ணி ஊத்தியாச்சு. பேரச் சொல்லப்படாது, ஆசுபத்திரி காட்டப்படாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மை கண்ட வீட்டில் வாயே திறக்க மாட்டார்கள். வெளியே சொல்லவும் மாட்டார்கள். ஆனால் பஸ்ஸில் ஒரே சீட்டில் என் பிள்ளை உட்கார்ந்திருந்தாளே!

கொத்தைப் பிய்த்து எறிந்தேன். ராணி அலறினாள். வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். சேகர் ஒரு வண்டிக்கடியில் படுத்திருந்தான். காலைப் பிடித்து இழுத்தேன். முகத்திலேயே குத்தினேன். நிறுத்த முடியவில்லை. பல் என் முட்டியில் கிழித்தது. கூட வேலை பார்க்கும் கான் பாய் இடுப்பைப் பிடித்து இழுத்தார், "பஸ் கரோ பாய், மர் ஜாயேகா!" போதும், செத்துவிடுவான் என்று. அவன் சாகட்டும் என்றுதான் நினைத்தேன். பொய்யாக எழுதவில்லை. கையில் லீவர் கம்பி கிடைத்திருந்தால் இந்நேரம் பிணம்.

செப்டம்பர் 22

ஐ.சி.யூ. மூச்சுக்குக் குழாய். மருந்தில் உப்பிய அந்தச் சின்ன முகத்தில் பிளாஸ்திரி. கையைக் கட்டி வைத்திருக்கிறார்கள், குழாயைப் பிடுங்கிவிடுவாள் என்று.

சேகருக்கு லெட்டர் யோசனை சொன்னது நான்தான் என்று கலாவிடம் சொன்னேன். நர்ஸுகள் பார்க்க அறைந்தாள். இன்னொன்று. அப்புறம் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒன் வாய்தான்யா எம்புள்ளயப் படுக்க வச்சிருக்கு! வெளிய போ. மூஞ்சியில முழிக்காத."

வெளியே உட்கார்ந்திருக்கிறேன். ஏ.சி. குளிர். வாங்கிய டீ ஆறிவிட்டது.

செப்டம்பர் 27

குழாய் எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள். "தண்ணி" என்றாள். காரிடாரில் வாய்விட்டு அழுதேன். யாரோ பிலிப்பினோ நர்ஸ் டிஷ்யூ கொடுத்தாள். கலா பேசினாள், "சாப்பிட்டீங்களா?"

டாக்டரம்மா: தட்டம்மை இனி வராது. சின்னம்மை இன்னும் வரலாம். அது இவளுக்கு இதைவிட மோசமாகப் போகும். சுற்றியிருப்பவர்களுக்கு ஊசி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 6

வீட்டுக்கு வந்துவிட்டோம். இட்லி கேட்டாள், மூன்று தின்றாள்.

சேகர் வந்தான். தாடையில் தையல், முன்பல் இரண்டு இல்லை. அவனை அடித்த கை எனக்குக் கூசியது. பார்த்ததும் மறுபடி அடிக்கவும் வந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"மச்சான், ஆசுபத்திரியில போலீசு கேட்டுச்சு. ஜாக்கி வழுக்கி மூஞ்சில விழுந்துச்சுன்னு சொல்லிட்டேன். நீ லெட்டர் விசயத்துல வாயத் தொறக்காத. நா உள்ள போனா நீயும் உள்ளதான். ரெண்டு குடும்பமும் நாசமாயிரும்."

"கவினுக்கு இனியாச்சும் ஊசி போடுறியா?"

"ஆத்தா வந்து போயிட்டால்ல, இனி எதுக்கு? நம்ம பஸ்ஸுலயே இன்னும் ரெண்டு பேரு அந்த டாக்டர்ட்டதான் லெட்டர் வாங்கிருக்கான்."

பெருமையாக வேறு சொல்கிறான். தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவன் தலைக்குப் பக்கத்துச் சுவரில் அடித்தேன். போய்விட்டான். சொம்பு நசுங்கிவிட்டது. யாழினி தூக்கத்தில் திடுக்கிட்டாள், தட்டிக் கொடுத்தேன்.

சொன்னால் ஜெயில், அப்புறம் டிப்போர்ட், ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். விசா போனால் இன்ஷூரன்ஸும் போகும். யாழினி டாக்டர் இங்கே. ஊரில் யாரிடம் காட்டுவது?

அக்டோபர் 8

பள்ளிக்குப் போனேன். நர்ஸ் மேஜையில் புதுக் கண்ணாடி. நர்ஸ் எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தாள், மறுபடி குத்துவேன் என்று நினைத்துவிட்டாள். நான் உட்காரவே இல்லை. சொன்னேன். சேகர் லெட்டர் பொய், இன்னும் இரண்டு இருக்கிறது, யோசனை என்னுடையது. சேகரை அடித்தது ஜாக்கி இல்லை, நான் என்பதையும் சொன்னேன்.

"சார், இது உங்களுக்குத்தான் பெரிய கேஸாகும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

தெரியும் என்றேன்.

அக்டோபர் 9

மூன்று பிள்ளைகளையும் ஊசி போடும்வரை பள்ளி நிறுத்திவிட்டது. ராணி போனில் சாபம் விட்டாள். என் பரம்பரையே மண்ணாகிப் போகுமாம். சேகர் ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலத்தை மாற்றிவிட்டானாம். பொய் லெட்டருக்காக அவன் மேலும் கேஸ்.

மணி ஐந்தரை. என்னைக் கூட்டிப்போக ஒரு போலீஸ்காரர் வந்திருக்கிறார், இளவயது. யாழினிக்கு ஆறு மணிக்கு மருந்து, கசக்கும், என் கையால் கொடுத்தால்தான் குடிப்பாள் என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, செருப்பைக் கழற்றிவிட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். கலா அவருக்கு டீ போடுகிறாள். யாழினி அவர் தொப்பியைக் கேட்கிறாள்.